சொட்டு நிற்கிற இடம்

ஏப்ரல் 15 வந்தால் எங்கள் பக்கம் விசைப்படகுகள் கரையில் நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில், கடுவையாற்றங்கரை ஓரம், அந்த இரண்டு மாதமும் சுத்தியல் சத்தமும் பெயிண்ட் வாசனையும்தான். பலகை இடுக்கில் பஞ்சு அடைப்பது, புரொப்பெல்லர் ஷாஃப்டை இழுத்துப் பார்ப்பது, கிழிந்த வலையைச் சரி பண்ணுவது என்று ஆளுக்கொரு வேலை. இன்ஜின் ரூமுக்குள் இறங்குகிறவர்களுக்கு வேலை வேறு. வருஷம் முழுக்க உப்புக் காற்றிலும் தண்ணீர் கலந்த டீசலிலும் அடிபட்ட, சிலிண்டர்களுக்கு டீசலை அளந்து அடிக்கிற இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்றி, டவுனில் உள்ள பம்பு கடையில் கலிபரேஷனுக்கு, அதாவது அளவைச் சரிபார்த்துத் திருத்த, கொடுத்து, வாங்கி வந்து திரும்ப மாட்ட வேண்டும்.

கழற்றுவது சுலபம். சில போல்ட், ஆறு பைப், பம்பை இன்ஜினோடு இணைக்கிற ஒரு கப்ளிங். பையன்களே கழற்றி, சாக்கில் சுற்றி, டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மாட்டும்போதுதான் சண்டை. பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது பம்பு டீசல் தள்ள ஆரம்பிக்க வேண்டும் என்பதைச் சேர்த்து மாட்ட வேண்டும், அதுதான் டைமிங். கப்ளிங்கில் கோடாகப் போட்டிருக்கிற மார்க்கைச் சேர்த்து மாட்டினால் போதும் என்பவர்கள் ஒரு கட்சி. பம்பிலிருந்து விழுகிற டீசல் சொட்டு எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும் என்பவர்கள் இன்னொரு கட்சி. முன்னவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். பின்னவர்களுக்கு அரை நாள் போகும். நான் சொட்டுக் கட்சி. எங்கள் படகுக்கு வேலை பார்க்கிற நாகூர் பாயும் அதே கட்சிதான். இதில் நான் எழுதப்போவதில் பாதிக்கு மேல் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டது.

இந்தப் பம்பின் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். ஆறு சிலிண்டர் இன்ஜின், 1500 ஆர்.பி.எம்., மணிக்கு 18 லிட்டர் டீசல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை டீசல் போக வேண்டும். நிமிஷத்துக்கு 750 தடவை, ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து மணிக்கு 2,70,000 தடவை. 18 லிட்டரை அதில் பங்கு போட்டால் ஒரு தடவைக்கு ஒரு மில்லிலிட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு. அதையும் சுமார் 2 மில்லி செகண்டுக்குள் அடித்து முடிக்க வேண்டும், ஏனென்றால் 1500 ஆர்.பி.எம்.மில் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றிவிடுகிற தண்டு) ஒரு மில்லி செகண்டுக்கு 9 டிகிரி ஓடிவிடுகிறது. சிலிண்டருக்குள் டீசலைத் தூவுகிற நாசில் திறப்பதற்கே, இந்த மாதிரி பழைய இன்ஜின்களில், சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். லாரி டயரில் இருப்பது 8 பார் பக்கம்.

பம்புக்குள் இருக்கிற எலிமென்ட், அதாவது பிளஞ்சர் என்கிற தண்டும் அது மேலும் கீழும் ஓடுகிற பேரல் என்கிற குழாயும், சிலிண்டருக்கு ஒன்றாக, ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி. நடுவில் இடைவெளி ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு மில்லிமீட்டர். அதற்கு எண்ணெய் சீல் எதுவும் கிடையாது, அந்த இடைவெளி அவ்வளவு சின்னதாக இருப்பதே சீல். அதனால்தான் டீசலில் தண்ணீர் வந்தால் முதலில் சாவது இந்த ஜோடி. ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றின் பேரலில் போட முடியாது. பம்பு கடையில் ஆறையும் கழற்றி ஒரே தட்டில் கொட்டி வைத்திருப்பதைக் கண்டால் வேறு கடை பார்த்துக்கொள்வது நல்லது.

ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்கில் இன்ஜினை ஓட்டிக் காட்டியபோது இப்படி ஒரு பம்பே இல்லை. எரிபொருளை அழுத்தக் காற்றால் ஊதித் தள்ளினார்கள். அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரஸர் வேண்டும், கம்ப்ரஸருக்கு எடை உண்டு, ஆகவே அந்த இன்ஜின் தொழிற்சாலையிலும் கப்பலிலும் நின்றது, லாரிக்கு ஏறவில்லை. ராபர்ட் போஷ் கம்பெனி 1927இல் வரிசைப் பம்பை (எலிமென்ட்கள் ஒரே வரிசையில் நிற்கிற, நாம் பேசுகிற இந்த வகை) தொடர் உற்பத்தியாகக் கொண்டுவந்த பிறகுதான் டீசல் ரோட்டுக்கு நன்றாக வந்தது. நம் நாட்டில் அதே வகைப் பம்பை 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ செய்தது. கம்பெனி பெயர் 2008இல் போஷ் என்று மாறிவிட்டது, ஆனால் கரையில் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. யார் செய்த பம்பானாலும் பழைய ஆட்களுக்கு அது மைக்கோ பம்புதான்.

சரி, மார்க் விஷயத்துக்கு வருவோம்.

கப்ளிங்கிலும் பம்பு பாடியிலும் கம்பெனி போட்ட கோடு ஒன்று இருக்கும். இன்ஜின் வந்தபடியே இருந்து, அதே பம்பு, அதே கப்ளிங், அதே கியர் என்றால் அந்தக் கோட்டை நம்பலாம். எங்கள் கரையில் ஓடுகிற பல இன்ஜின்கள் லாரியில் ஓடி முடித்துப் படகுக்கு வந்தவை. ஒன்றின் பம்பு, இன்னொன்றின் கப்ளிங், பழைய இரும்புக் கடையில் வாங்கிய டைமிங் கியர். உளியால் தட்டிய மார்க், ஹேக்சா பிளேடால் கீறிய மார்க், அதற்கு மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு மார்க் என்று மூன்றும் ஒரே கப்ளிங்கில் இருக்கக் கண்டிருக்கிறேன். எது கம்பெனி மார்க், எது போன வருஷ மெக்கானிக் அவசரத்தில் போட்டது என்று யாரிடம் கேட்பது?

மார்க் சரியாகவே இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. கலிபரேஷன் கடையில் பம்பை பெஞ்சில் ஏற்றி, ஆறு எலிமென்ட்டும் 60 டிகிரி இடைவெளியில், அரை டிகிரிக்கு மேல் பிசகாமல், டீசல் தள்ள ஆரம்பிக்கிறதா என்று பார்ப்பார்கள். ஃபேசிங் என்பது அதுதான். அதற்காக, பிளஞ்சரைத் தூக்கிவிடுகிற டாப்பெட்டில் உயரத்தைக் கூட்டிக் குறைத்தால், பம்பு ஷாஃப்ட் எந்த இடத்தில் இருக்கும்போது டீசல் கிளம்புகிறது என்பதே மாறிப்போகும். ஷாஃப்டின் சாவியும் (கப்ளிங் நழுவாமல் பிடிக்கிற இரும்புத் துண்டு) கப்ளிங்கின் கோடும் அங்கேயேதான் இருக்கும். உள்ளே நடப்பது நகர்ந்திருக்கும். மார்க் கட்சிக்காரர்களிடம் இதைச் சொன்னால், "இத்தன வருஷமா ஓடலியா?" என்பார்கள். ஓடும். டீசல் இன்ஜின் மூன்று நாலு டிகிரி தப்பாக இருந்தாலும் ஓடும். அதுதான் அதன் கெட்ட குணம். டீசல் கூடக் குடித்துக்கொண்டு, ஹெட் கேஸ்கெட்டைத் தின்றுகொண்டு ஓடும்.

பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே டீசலை ஏன் அடிக்க வேண்டும் என்று புதிதாக வருகிற பையன்கள் கேட்பதுண்டு. டீசல் உள்ளே போன உடனே பற்றிக்கொள்வதில்லை. தூளாகி, ஆவியாகி, சூட்டுக் காற்றில் கலந்து பற்ற ஒரு மில்லி செகண்ட் அளவுக்கு ஆகும். அதற்குள் கிராங்க் 9 டிகிரி ஓடிவிடுமே. பம்பில் கிளம்பிய அழுத்தம் நீள பைப்பைக் கடந்து நாசிலுக்குப் போகவும் நேரம் வேண்டும். அதனால் முன்னாடியே கிளப்பிவிட வேண்டியிருக்கிறது. எத்தனை டிகிரி முன்னாடி என்பது இன்ஜினுக்கு இன்ஜின் வேறு. தகட்டிலோ மேனுவலிலோ இருக்கும். "எல்லாத்துக்கும் இருபது வைங்க" என்று சொல்கிற ஆள் சொல்வதைக் கேட்க வேண்டாம். அதே இன்ஜினில் வேறு பம்பு, வேறு நாசில் என்றாலே எண் மாறும்.

மாட்டுவதற்கு முன்னால் இன்ஜினை அந்த டிகிரியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பாதி மெனக்கெடல் இதில்தான். ஆறு சிலிண்டர் இன்ஜினில் ஒன்றாம் பிஸ்டனும் ஆறாம் பிஸ்டனும் சேர்ந்தேதான் மேலே வரும். கிராங்கின் கோடியில் இருக்கிற கனத்த சக்கரமான ஃபிளைவீலில் மார்க் வந்துவிட்டது என்பதால் ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் (காற்றை அழுத்துகிற ஸ்ட்ரோக்கில்) இருக்கிறது என்று அர்த்தமில்லை. எக்ஸாஸ்ட் முடியும் இடமாகவும் இருக்கலாம். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் சரியான டாப், அதாவது பிஸ்டனின் சரியான உச்சி. பம்பு, கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், தப்பான டாப்பில் மாட்டினால் பம்பு சரியாக அரைச் சுற்று தள்ளி நிற்கும். எல்லா மார்க்கும் சேர்ந்திருக்கும், எல்லா போல்ட்டும் இறுகியிருக்கும், இன்ஜின் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி இறங்குகிற வரை சுற்றிவிட்டு, நாசில் போச்சு, பம்பு கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டிக்கொண்டிருப்பார்கள். கப்ளிங் ஒரே பக்கம்தான் பொருந்தும் என்கிற மாதிரி செய்த இன்ஜின்களில் இந்தத் தொல்லை இல்லை. எங்களுடையது இரண்டு பக்கமும் பொருந்துகிற ஜாதி.

இதற்கு வால்வு கவரைக் கழற்றி ஆறாம் சிலிண்டரைப் பார்த்தால் போதும். ஆறாம் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டும் இன்டேக் திறந்துகொண்டும் இரண்டு ராக்கரும் ஆடினால், ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷன் டாப்பில் இருக்கிறது. ஒன்றாம் சிலிண்டரின் இரண்டு புஷ் ராடையும் விரலால் சுழற்றிப் பார்க்கலாம், இரண்டும் லூசாகத் திரும்பும். பாய் ஆறாம் சிலிண்டரை முதலில் பார்த்துவிட்டுத்தான் ஃபிளைவீலைப் பார்ப்பார். வரிசை மாற மாட்டார்.

ஃபிளைவீல் மார்க்கிலேயே சந்தேகம் என்றால்? படகில் கியர்பாக்ஸ் ஹவுசிங்கின் சின்ன ஜன்னல் வழியாகத்தான் ஃபிளைவீல் தெரியும். அங்கே துருவும் கிரீஸும் சேர்ந்து கோடு எங்கே என்றே புரியாது. அப்போது பிஸ்டனையே கேட்க வேண்டியதுதான். ஒன்றாம் சிலிண்டரின் ஒரு வால்வு ஸ்பிரிங்கைக் கழற்றி, வால்வைப் பிஸ்டன் தலையில் உட்காரவிட்டு, வால்வுத் தண்டின் மேல், நுணுக்கமான அசைவை முள்ளில் காட்டுகிற டயல் கேஜ் வைப்போம். பிஸ்டன் இறங்கும்போது வால்வு உள்ளே விழுந்துவிடாமல் தண்டில் ஒரு ரப்பர் ரிங் கட்டாயம் வேண்டும். கேஜ் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் டாப் என்று வைத்துவிடக் கூடாது. 120 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள இன்ஜினில் டாப்பிலிருந்து 2 டிகிரி தள்ளினால் பிஸ்டன் இறங்குவது சுமார் 0.05 மி.மீ.தான். முள் அசையாத மாதிரியே இருக்கும். அதே பிஸ்டன் 20 டிகிரிப் பக்கம் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.45 மி.மீ. இறங்குகிறது. ஆகவே உச்சியை உச்சியில் தேடாமல், இந்தப் பக்கம் 5 மி.மீ. இறங்குகிற இடம், அந்தப் பக்கம் 5 மி.மீ. இறங்குகிற இடம் என்று இரண்டையும் குறித்து நடுவைப் பிடித்தால் டாப் கிடைத்துவிடும். அங்கிருந்து டிகிரியை விளிம்பில் அளந்துகொள்ளலாம். 400 மி.மீ. விட்டமுள்ள ஃபிளைவீலில் ஒரு டிகிரி 3.5 மி.மீ. முன் புல்லியில் அளந்தால், 250 மி.மீ. புல்லிக்கு, 2.2 மி.மீ. மேஸ்திரி டேப்பே போதும்.

இன்ஜினைச் சுற்றுவது எப்போதும் அது ஓடுகிற திசையில்தான். டிகிரியைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் பின்னால் தட்டிச் சரி பண்ணக் கூடாது. டைமிங் கியர் பற்களுக்கு நடுவில் ஆட்டம் இருக்கிறது. பின்னால் திருப்பினால் அந்த ஆட்டம் அந்தப் பக்கம் சாய்ந்து, கிராங்க் திரும்பியிருக்கும், பம்பு திரும்பியிருக்காது. கால் சுற்றாவது பின்னால் போய், மறுபடி முன்னால் மெதுவாக வந்து நிறுத்த வேண்டும். தேய்ந்த கியரில் இந்த ஒரு அலட்சியமே டைமிங்கைக் கெடுத்துவிடும்.

அடுத்து சொட்டு. பம்பின் ஒன்றாம் எலிமென்ட்டுக்கு மேலே இருக்கிற டெலிவரி வால்வு ஹோல்டரைக் கழற்றி, உள்ளே இருக்கிற வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்து, சுத்தமான டீசல் இருக்கிற டப்பாவில் போட்டுவிட்டு, ஹோல்டரை மட்டும் திரும்ப மாட்டி, அதன் மேல் வளைந்த ஒரு சின்ன பைப். ஆக்ஸிலேட்டரை முழுக்க இழுத்துக் கட்ட வேண்டும். ஸ்டாப் லீவர் ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும். ஸ்டாப்பில் இருந்தால் பிளஞ்சரில் வெட்டியிருக்கிற நேர்க்குழி துவாரத்துக்கு நேராக நிற்கும், டீசல் எந்த இடத்திலும் நிற்காது. பம்பைக் குறை சொல்லிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பம்புக்கு டீசல் மேலே தொங்கவிட்ட ஒரு கேனிலிருந்து வரும். ஹேண்ட் பிரைமர் அடித்தும் செய்யலாம், ஆனால் அழுத்தம் ஏறி இறங்கும், சொட்டு குழப்பும். கேன்தான் நல்லது. திறந்தவுடன் வளைந்த பைப் வாயில் டீசல் கம்பியாகக் கொட்டும். பாய் கப்ளிங்கைக் கையால் பிடித்து, ஓடுகிற திசையில், மிக மெதுவாகத் திருப்புவார். கம்பி மெலியும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அறுந்து சொட்டாகும். சொட்டுகள் முதலில் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு விழும், அப்புறம் நடுவில் மூச்சு விடுகிற மாதிரி இடைவெளி வரும். பைப் வாயில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழாமல் தயங்கி, விழும். அடுத்தது அதைவிட நேரம் எடுக்கும். சில செகண்டுக்கு ஒரு சொட்டு என்று வருகிற அந்த இடத்தில் பிளஞ்சரின் தலை உள்ளே டீசல் வருகிற துவாரத்தைச் சரியாக மூடியிருக்கிறது. இனி மேலே ஏறினால் டீசலுக்குப் போக வேறு வழியில்லை, நாசிலுக்குத்தான் போகும். பம்புக்குள் எட்டிப் பார்க்க முடியாத ஒரு விஷயம் வெளியே இப்படித் தெரிகிறது. எந்த மார்க்கும் இதைக் காட்டாது.

அந்த நேரத்தில் பாயிடம் யாரும் பேசக் கூடாது. செல்போன் அடித்தால்கூட முறைப்பார்.

இன்ஜின் டிகிரியில் நிற்கிறது, பம்பு சொட்டு நிற்கிற இடத்தில் நிற்கிறது. இப்போது இரண்டையும் சேர்த்துக் கப்ளிங் போல்ட்டை இறுக்க வேண்டும். நீள ஓட்டைக்குள் போல்ட் நகர இடம் இருக்கும், அதில்தான் கடைசி ஒன்றிரண்டு டிகிரியைச் சரி பண்ணுவது. ஃபிளாஞ்சோடு மாட்டுகிற பம்பென்றால் பம்பு பாடியையே திருப்பிச் சரி பண்ணலாம். ஷாஃப்ட் சுற்றுகிற திசைக்கு எதிராகப் பாடியைத் திருப்பினால் அட்வான்ஸ் (டீசல் முன்னதாகக் கிளம்பும்), அதே திசையில் திருப்பினால் ரிடார்ட் (பின்தங்கிக் கிளம்பும்). இறுக்கியாயிற்று என்று அங்கேயே விட்டுவிடக் கூடாது. இறுக்கும்போதே கப்ளிங் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். இன்ஜினை முழுசாக இரண்டு சுற்று சுற்றி, மறுபடி டிகிரிக்குக் கொண்டுவந்து, மறுபடி சொட்டு பார்க்க வேண்டும். அரை நாள் போவது இந்த மறுபடிகளில்தான்.

டைமிங் சேர்ந்ததும் டெலிவரி வால்வைத் திரும்பப் போட வேண்டும். சின்ன சாமான், ஆனால் அது இறங்கி உட்காரும்போது பைப்பில் இருக்கிற அழுத்தத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்வதால்தான் நாசில் சுத்தமாக மூடுகிறது, ஒழுகாமல் இருக்கிறது. வாஷர் புதுசு. ஹோல்டரை டார்க் ரெஞ்சில், சொன்ன அளவுக்கு. நீளமான பைப்பை ஸ்பேனரில் சொருகி இழுக்கிற பலசாலிகள் உண்டு. அப்படி இறுக்கினால் கீழே இருக்கிற பேரல் நெளிந்து, ஆயிரத்தில் இரண்டு பங்கு இடைவெளி போய், பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும். கலிபரேஷனுக்குக் கொடுத்த காசு அதோடு போச்சு.

அடுத்து, பலர் மறப்பது: பம்புக்கு ஆயில். கலிபரேஷன் முடிந்து வருகிற பம்பு உள்ளே காய்ந்திருக்கும். இன்ஜின் ஆயில் லைனிலிருந்து வருகிற வகையானாலும் முதல் சில நிமிஷங்களுக்கு அங்கே ஒன்றும் போய்ச் சேராது. பிளஞ்சர்களைத் தூக்குகிற கேமுக்கும், வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னருக்கும் ஆயில் ஊற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

ஆறு பைப்பும் ஒரே நீளத்தில் இருப்பது அழகுக்காக இல்லை. ஒன்றாம் எலிமென்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சிலிண்டருக்குக்கூட வளைத்து நெளித்து ஒரே நீளப் பைப்பைத்தான் கொடுத்திருப்பார்கள். அழுத்தம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் அல்லவா. உடைந்த பைப்புக்குப் பதில் எட்டுகிற அளவுக்குக் குட்டைப் பைப் போட்டால் அந்த ஒரு சிலிண்டர் தனி டைமிங்கில் ஓடும். நட்டை முதலில் கையால் சில மரை ஓட்டிவிட்டு அப்புறம் ஸ்பேனர். கிளாம்பு ஒன்றுகூட விடக் கூடாது, ஆட்டத்தில் பைப் களைத்து வெடிக்கிறது. ஓடுகிற இன்ஜினில் கசிவைக் கையால் தடவிப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி அப்போது தெரியாது, பின்னால் விரல் போகும். அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் நனைவது தெரியும்.

டீசல் லைனில் மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்றுகிற ஏர் எடுப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், வரிசையாகச் செய்தால் நேரம் பிடிக்காது: ஃபில்டர் ஸ்க்ரூ, பம்பு ஸ்க்ரூ, கடைசியில் இன்ஜெக்டர் நட்டு. ஒன்றில் குமிழி நின்ற பிறகு அடுத்தது. படகுகளில் பிரச்சினை வேறு இடத்தில் வரும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகி, பத்து நிமிஷம் நன்றாக ஓடி, மூச்சுத் திணறி நிற்கும். எல்லாரும் புதுசாக மாட்டின பம்பைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் பம்பு ஒன்றும் செய்திருக்காது. டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரைக்குமான லைனில் எங்கோ ஒரு வாஷர் தேய்ந்திருக்கும், ஒரு ஹோஸ் வெடித்திருக்கும். அந்தப் பகுதியில் பம்பு டீசலை இழுக்கிறது, அதனால் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். ஈரமே இல்லாத ஓட்டையைக் கண்ணால் எப்படிக் கண்டுபிடிப்பது? பாய் ஒரு அடி ட்ரான்ஸ்பரன்ட் டியூபை ஃபீட் பம்புக்கு முன்னால் போட்டுவிடுவார். குமிழி போனால் டேங்க் பக்கம் குற்றம். முடிந்தது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் ஸ்டாப் லீவர் வேலை செய்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்தாக வேண்டும். பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ராடு எங்காவது பிடித்துக்கொண்டு முழு டீசலில் நின்றுவிட்டால், கவர்னர் ஒன்றும் செய்ய முடியாது, இன்ஜின் வேகம் ஏறிக்கொண்டே போகும். சாவியை அணைத்தால் நிற்காது, இது பெட்ரோல் வண்டி இல்லை. அந்த நேரத்தில் செய்ய முடிந்தது இரண்டு: டீசலை நிறுத்துவது, காற்றை நிறுத்துவது. பைப் நட்டை லூஸ் பண்ண நேரம் இருக்காது. அதனால் ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்து, வாயை மூடுகிற அளவுக்குத் தடியான பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்பார். துணி வேண்டாம், உறிஞ்சிக்கொள்ளும். கை வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் அந்தப் பலகைக்கு வேலை வராது. பலகை பிடிக்கச் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள், இருந்தாலும் பிடிப்பார்கள்.

ஓட ஆரம்பித்ததும் காதும் கண்ணும்தான். அட்வான்ஸ் அதிகமானால் சத்தம் கடினமாக, இரும்பில் இரும்பு தட்டுகிற மாதிரி இருக்கும். ரிடார்ட் ஆனால் சத்தம் மெத்தென்று இருக்கும், கேட்க நன்றாகக்கூட இருக்கும், ஆனால் எக்ஸாஸ்டில் வெள்ளைப் புகை நிற்காது, சூடு ஏறும், இழுவை இருக்காது. குளிர்ந்த இன்ஜின் முதலில் கொஞ்சம் வெள்ளையாக விடுவது சகஜம், சூடான பிறகும் விட்டால்தான் கவலை. கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. நீலம் என்றால் பம்பை விட்டுவிட்டு ரிங்குகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பைப் நட்டாக லூஸ் பண்ணி, வேகம் எதில் குறைகிறது, எதில் குறையவில்லை என்று பார்ப்பது பழைய வழி. எதில் குறையவில்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை.

கரையில் கட்டிவைத்து ஓட்டிப் பார்த்தால் போதாது என்பது இன்னொரு சண்டை. அதற்கும் முன்னால் ஒரு சண்டை இருக்கிறது, தடைக்காலம் முடிகிற வாரத்தில் எல்லாப் படகிலும் கேட்கும் சண்டை. எங்கள் டிரைவர் அண்ணன் பாயிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"பாய், கொஞ்சம் கூட்டி விடுங்களேன். பக்கத்து போட்டு நம்மளத் தாண்டிப் போவுது."

கூட்டுவது என்றால் கவர்னரில் ஈயக் குண்டு வைத்து சீல் பண்ணியிருக்கிற ஸ்க்ரூவைத் திறந்து அதிகபட்ச டீசலை ஏற்றுவது. பாய் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "டீசல் கூட்டுனா காத்தையும் கூட்டணும்ல. அது எங்க இருக்கு?" என்றார். "பிஸ்டன் உருகி நடுக்கடல்ல நின்னா, அந்தப் பக்கத்து போட்டுதான உங்கள இழுத்துக்கிட்டு வரணும்?"

டிரைவர் அண்ணன் விடவில்லை. "நூறு ஆர்.பி.எம். போதும் பாய்."

அந்த நூறில்தான் விஷயம் இருக்கிறது. லாரியில் பள்ளத்தில் இறங்கும்போது இன்ஜினுக்கு ஓய்வு கிடைக்கும். படகில் கிடையாது, புரொப்பெல்லர் எப்போதும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதுவும் புரொப்பெல்லர் கேட்கிற பவர், வேகத்தை வேகத்தாலேயே இரண்டு தடவை பெருக்குகிற (வேகம் × வேகம் × வேகம்) கணக்கில் ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட, பவர் 33 சதவீதம் கூட வேண்டும். 33 சதவீதத்துக்கான டீசலை எரிக்கக் காற்று அந்த இன்ஜினில் இல்லை. எரியாததுதான் கறுப்புப் புகையாக வரும், மிச்சம் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாக ஏறுவதைப் பார்த்து, நம் இன்ஜின் ஆயிலே குடிக்கவில்லை என்று சந்தோஷப்படுகிற ஓனர்கள் இருக்கிறார்கள்.

சீல் திறக்கவில்லை. வேகம் குறைவதற்குப் பம்பு காரணமில்லை என்று பாய் சொன்னார். ட்ரையலில் அதைக் காட்டவும் செய்தார். முழு ஆக்ஸிலேட்டரில், கியர் போடாமல், இன்ஜின் சரியான வேகத்துக்கு ஏறியது. கியர் போட்டு ஆற்றில் ஓட்டியபோது அந்த வேகத்தை எட்டவில்லை, எக்ஸாஸ்ட் லேசாகக் கறுத்தது. பம்பு கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறது, புரொப்பெல்லர் அதற்கு மேல் கேட்கிறது என்று அர்த்தம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ சொன்னதைக் கேட்டு, பிட்ச் அதிகமான, அதாவது ஒரு சுற்றுக்கு அதிகத் தூரம் தள்ளப் பார்க்கிற, புரொப்பெல்லராக மாற்றியது நினைவுக்கு வந்தது. டிரைவர் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய புரொப்பெல்லர் கிடங்கில் கிடக்கிறது. அதை மாட்டிப் பார்க்கலாமா, மாட்டினால் மறுபடி படகைக் கரையேற்ற வேண்டுமே, அந்தச் செலவு யாருடையது என்று பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.